தம்பி கேட்ட லிஸ்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடையில் போன வாரம் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் வேலை, இருபத்து மூன்று வயது. "அண்ணே, கதை புக்கு வேணாம். பொது அறிவு வளரணும். எதுல ஆரம்பிக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்களேன்" என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் லிஸ்ட் கொடுக்கவில்லை.

எனக்கு அந்த வயதில் ஒருவர் லிஸ்ட் கொடுத்தார். அதில் முதலாவது ஓர் உலக வரலாறு, தலையணை கனம். ஈப்போ வரை போய் வாங்கி வந்தேன். மெசபடோமியாவைத் தாண்ட முடியவில்லை. நமக்குப் படிப்பு ஏறாது என்று முடிவுகட்டி, இரண்டு வருடம் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. அது நல்ல புத்தகம்தான். ஆனால் அது பதில் சொன்ன கேள்வி எதுவும் அப்போது என் மனதில் இல்லை.

திரும்பப் படிக்க வைத்தது பாட்டி வீட்டு மங்கு, ரப்பர் மரத்துப் பாலைப் பிடிக்கும் கிண்ணம். பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகும் பாட்டி ஒரு மங்கை எடுத்து வைத்திருந்தார். விளிம்பில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்துப் போயிருக்கும். இது எந்த ஊர் மரம் என்று ஒரு நாள் தோன்றியது. நூலகத்தில் ரப்பரைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது, மலாய் மொழியில், பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஒரே இரவில் முடித்தேன். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அந்த ஊருக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பேன், யாரும் கைகாட்டிச் சொன்னதில்லை.

அதன் பிறகு கேள்விகள் தானாக வந்தன. பிரேசில் மரம் என்றால் அங்கே ஏன் நம்மூர் மாதிரிப் பெரிய தோட்டங்கள் இல்லை? ஒரு பூஞ்சை நோய். இலையெல்லாம் கருகிக் கொட்டிவிடும். ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசானில் தொடங்கிய தோட்டமும் அதில் அடிவாங்கியது. அப்படித்தான் பூஞ்சைகளைப் பற்றிப் படிக்கப் போனேன். அப்புறம் செம்பனை. என் அத்தை, பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தத் தூள் தூவும் வேலை செய்தவர். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மகரந்தச் சேர்க்கையை அது பார்த்துக்கொண்டது, அந்த வேலையே இல்லாமல் போனது. அந்தப் பக்கத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

சரி, புத்தகம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவில் தேடிப் பாருங்கள். போரைப் பற்றிய புத்தகம் என்றால் நான் சயாம் மரண ரயிலைத் தேடுவேன். 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளை மட்டும் சொல்லிவிட்டு, தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாத நம் ஆட்களை விட்டுவிட்டால் அதை வைத்துவிடுவேன். அங்கே செத்தவர்களில் ஆசியத் தொழிலாளர்கள்தான் மிக அதிகம். அதைக்கூடப் பார்க்காதவர் மற்றதை எப்படிப் பார்த்திருப்பார்?

அறிவியல் என்றால் பதிப்பாண்டைப் பாருங்கள். புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது 2006இல். அதற்கு முந்தைய புத்தகத்தில் ஒன்பது கோள்தான் இருக்கும்.

பிள்ளைகள் புத்தகத்தில் தொடங்கக் கூச்சப்பட வேண்டாம். மலாயில் படிப்பதும் படிப்புதான். ஏழே நாளில் வெற்றி என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் தயவுசெய்து பொது அறிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நம் பிள்ளைகள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. படித்து முடித்த பிறகும் உலகத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். வேலையில் தினமும் பார்த்தும் புரியாதது என்ன? யோசித்துவிட்டுச் சொன்னார்: "குலைய அறுத்ததும் சீக்கிரம் ஆலைக்குக் கொண்டு வாங்கன்னு ஏன் அப்படி விரட்டுறாங்க? வந்ததும் ஏன் முதல்ல ஆவியில வேக வைக்கிறோம்?"

அடிபட்ட பழத்தில் ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும், சூடுதான் அதை நிறுத்தும். நான் அவ்வளவுதான் சொன்னேன். நொதி என்றால் என்ன என்று உடனே கேட்டார். நூலகத்துப் புத்தக வரிசை எண்ணில் அறிவியல் 500இல் தொடங்கும், தொழில்நுட்பம் 600இல். சனிக்கிழமை காலை 500 அலமாரி முன்னால் சந்திப்பதாகப் பேசியிருக்கிறோம். அவருக்கு இன்னும் உறுப்பினர் அட்டை இல்லை, அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.