மெலனி கிளைனின் குறிப்புகள் பூட்டிக் கிடக்கவில்லை

"ஃபிராய்டிடம் பயின்ற டாக்டர் மெலனி கிளைன், அவருடைய நோயாளிக் குறிப்புகள் பூட்டிக் கிடக்கின்றன" என்று குழந்தை உளப்பகுப்பாய்வாளர் கிளைனைப் பற்றி எழுதுவதில் மூன்று பிழைகள்.

கிளைன் மருத்துவம் படிக்கவில்லை; பட்டமே கிடையாது. 1882இல் ஃபிராய்டு வாழ்ந்த வியன்னாவில் பிறந்தவர்தான், ஆனால் உளப்பகுப்பாய்வு (பேச்சின் வழியே மனதை ஆராயும் சிகிச்சை) பெற்றது ஃபிராய்டிடம் அல்ல; புடாபெஸ்ட்டில் ஃபெரென்சி என்ற உளப்பகுப்பாய்வாளரிடம், பிறகு பெர்லினில் ஆபிரகாம் என்ற உளப்பகுப்பாய்வாளரிடம். ஆபிரகாம் 1925 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டே கிளைன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1960இல் மறையும்வரை அங்கேதான்.

குறிப்புகள் லண்டன் வெல்கம் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்திலேயே படிக்கலாம். நூலக அட்டவணையில் 'PP/KLE' என்ற குறியீட்டைத் தேடுங்கள். நோயாளிக் குறிப்புகள் 'B' பிரிவில். பெர்லின் காலத்தவை ஜெர்மன் கையெழுத்து, அங்கேதான் பலர் திணறுகிறார்கள்.

இன்னொன்று: கிளைன் தன் நூலில் எழுதிய சிறுவன் நோயாளி 'ரிச்சர்ட்' என்பது புனைபெயர். அந்த நூலில் உள்ளவை 1941இல் ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரியில் அவனுடன் நடந்த 93 சிகிச்சை அமர்வுகள். நூலாக வெளிவந்தது 1961இல், கிளைன் இறந்த பிறகு. அமர்வு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதியவை என்பதால், அதிலுள்ள உரையாடலைச் சொல்லுக்குச் சொல் பதிவு என்று மேற்கோள் காட்டாதீர்கள்.