பெட்டி எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தால் எனக்கென்ன?

நேற்று இரவு ஓடிபிக்காகப் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தேன். மேலே 5ஜி என்று இருக்கிறது, கோடுகளெல்லாம் நிரம்பி இருக்கின்றன, ஆனால் எதுவும் நகரவில்லை. பணம் அனுப்பும் பக்கம் நேரம் முடிந்து மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை. அப்புறம் வந்தது பாருங்கள், மூன்று ஓடிபியும் ஒன்றாகச் சேர்ந்து. கூடவே என் சிம் கம்பெனியின் செய்தி: டவரில் மாட்டும் 5ஜி பெட்டிகளுக்காக உலகத் தரம் வாய்ந்த வெளிநாட்டு நிறுவனத்தோடு கைகோத்துவிட்டார்களாம், புதிய நெட்வொர்க் எனக்காகவேயாம்.

வயிறு எரிகிறது.

முதலில் இந்தப் பெருமையே புரியவில்லை. இந்தப் பெட்டிகளைப் பெரிய அளவில் செய்கிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எரிக்சன், நோக்கியா, ஹுவாவே, இசட்டிஇ, சாம்சங். இதே தொழிலில் இருந்த நார்டெல் 2009ல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. இன்னும் இரண்டு கம்பெனிகள், அல்காடெலும் லூசென்டும், 2006ல் ஒன்றாகி, 2016ல் நோக்கியாவுக்குள் போய்விட்டன. இதில் வெளிநாட்டுக்காரரிடம் வாங்கினோம் என்பது பெரும்பாலான கம்பெனிகளுக்குச் சாதனையா? வேறு யாரிடம் வாங்குவார்களாம்?

கோடுகள் நிரம்பியிருந்தால் என் போனுக்கும் டவருக்கும் நடுவில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த டவரில் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள், டவருக்குப் பின்னால் ஃபைபர் போகிறதா, பழைய ஒல்லி இணைப்பு ஒன்று இழுத்துக்கொண்டு கிடக்கிறதா, அதைக் கோடு சொல்லாது. 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். அதற்கு டவர்களை நெருக்கமாக வைக்க வேண்டும். அதெல்லாம் செலவு, விளம்பரத்தில் போட அழகாகவும் இருக்காது. பெட்டியின் பெயரைப் போட்டால் போதும்.

பெட்டி சப்ளையரை மாற்றும் கூத்து இன்னும் மோசம். பல இடங்களில் 5ஜி இன்னும் 4ஜியின் தோளில் சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் புதியவர் வந்தால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 4ஜி பெட்டியையும் சேர்த்தே கழற்றுவது வழக்கம். கழற்றி மாட்டும்போது பக்கத்து டவர் எது என்ற பட்டியலில் ஒன்று விட்டுப்போனாலும் போதும், அந்த எல்லையைத் தாண்டும்போது கால் கட். எனக்குத் தினமும் ஒரே திருப்பத்தில்தான் அறுகிறது. எதிரில் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் "திருப்பம் வந்தாச்சா?" என்று கேட்டு, அவர்களே வைத்துவிடுகிறார்கள்.

எந்த நாட்டுப் பெட்டியை நம்பலாம் என்ற பாதுகாப்பு விவகாரத்தை நான் கேலி செய்யவில்லை. சீனாவின் ஹுவாவே பெட்டிகளை 2027 முடிவதற்குள் 5ஜியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று பிரிட்டன் 2020ல் சொன்னதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எந்த நாட்டுப் பெட்டி என்று இவ்வளவு சத்தம் போடுகிறவர்களில் ஒருவராவது, நின்றுபோனால் பொறுப்பு யாருக்கு என்று கேட்கிறார்களா? 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 நெட்வொர்க் படுத்தது. 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நெட்வொர்க்கும் படுத்தது. எரிக்சன் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான். பால் பாக்கெட்டில்கூட நாம் தேதி பார்க்கிறோம்! ஆனால் எரிக்சன் தப்பை ஒப்புக்கொண்டது, ஓ2 மாதக் கட்டண வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. என் கம்பெனி இதுவரை எனக்குக் கொடுத்தது காலர் ட்யூன் ஆஃபர்.

நன்றாக ஓடினால் "எங்கள் நெட்வொர்க்". நின்றால் "சப்ளையர் தரப்பில் பணி நடக்கிறது". நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

இன்று காலை கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். பதினைந்து நிமிட இசைக்குப் பிறகு ஒருவர் வந்தார். பாவம், அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

"உங்க ஏரியாவுல மேம்பாட்டுப் பணி நடக்குது சார்."

"எப்ப முடியும்?"

"கூடிய சீக்கிரம் சார்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"புகாரைப் பதிவு பண்ணிட்டேன் சார். நம்பர் எஸ்எம்எஸ்ல வரும்."

சாயங்காலம் ஆகிவிட்டது. நம்பர் வரவில்லை.