இன்னும் இருக்கிறதா?

(நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்க் குடும்பம். மே மாதச் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்கும் ‘கராஜ் சேல்’ எட்டு மணிக்கு.)

கல்யாணி: என்னங்க, வாசலில் ஒரு டிரக் நிற்கிறது. உள்ளே இருக்கிற ரெண்டு பேரும் நம் கராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்திரன்: வியாபாரிகள்தான். நம்மிடம் 2 டாலருக்கு வாங்கி, ஆன்லைனில் 20 டாலருக்கு விற்பார்கள். பழைய லெகோ, வீடியோ கேம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

கல்யாணி: நம்மிடம் டிபன் கேரியர்தான் இருக்கிறது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்பனைக்கு என்று படம் போட்டீர்களே, என்ன ஆயிற்று?

சந்திரன்: ஏகப்பட்ட பேர் ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் அவர்களைத்தான் காணோம்.

கல்யாணி: அந்தத் தொட்டிலை உள்ளே தள்ளுங்கள். பக்கச் சட்டம் கீழே இறங்குகிற தொட்டிலை 2011 ஜூனிலிருந்து இந்த நாட்டில் விற்கக் கூடாது. கராஜ் சேலிலும்தான். இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கின்றன.

சந்திரன்: ஐயையோ. சரி, குழந்தைக் கார் சீட்டை விற்கலாமா?

கல்யாணி: திருப்பிப் பாருங்கள், காலாவதித் தேதி போட்டிருக்கும்.

சந்திரன்: இதற்குமா? (திருப்பிப் பார்த்து) 2015! பையன் இப்போது காரே ஓட்டுகிறான்.

கல்யாணி: மிக்ஸியில் 60 டாலர் என்று ஒட்டியிருக்கிறீர்களே, அது ஊர் மிக்ஸி, 230 வோல்ட். இங்கே வருவது 120. செருகினால் அரைக்காது, முனகும்.

சந்திரன்: டிரான்ஸ்பார்மரும் சேர்த்துத்தான் அந்த விலை. ஊரிலிருந்து சுமந்து வந்த கூலியும் அதில் அடக்கம்.

கல்யாணி: சுமந்தது நான்! 3 டாலர் என்று மாற்றுங்கள். 2 டாலருக்குக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். சில்லறை இருக்கிறதா?

சந்திரன்: வங்கியில் கால் டாலர் நாணயம் ஒரு ரோல் வாங்கி வந்தேன், 10 டாலருக்கு 40 நாணயம். போனில் பணம் அனுப்புகிற வென்மோ செயலியின் கியூஆரையும் பெரிதாக அச்சடித்து ஒட்டிவிட்டேன்.

கல்யாணி: பணம் வந்ததா என்று உங்கள் போனில் பாருங்கள். அவர்கள் போனில் காட்டுகிற படத்தை நம்பிப் பொருளைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். தெருமுனை மின்கம்பத்தில் அட்டை எதுவும் ஒட்டவில்லையே?

சந்திரன்: கூடாது என்று கராஜ் சேலுக்கு நகராட்சி கொடுத்த பர்மிட்டிலேயே போட்டிருக்கிறதே. நம் புல்தரையில்தான் குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.

(பதினொரு மணி. கல்யாணி கடைக்குப் போய்த் திரும்புகிறாள். சாமான்கள் எல்லாம் தரையில் கிடக்கின்றன.)

சந்திரன்: கல்யாணி! ஒரே ஆள், பேரமே பேசாமல் வென்மோவில் 25 டாலர்!

கல்யாணி: மிக்ஸியா போனது?

சந்திரன்: இல்லை, சாமான் பரப்பியிருந்தோமே, அந்த மடக்கு மேஜை.

கல்யாணி: அடக் கடவுளே! அது எதிர்வீட்டு மாமியிடம் நான் இரவல் வாங்கியது!

சந்திரன்: அப்படியா? வாங்கிக்கொண்டு போனதே அவர் வீட்டு மாமாதான். ‘எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, ஜோடியாகப் போட்டுக்கொள்ளலாம்’ என்றார்.