கடைசி எண் பெற்றுச் சறுக்குபவர்

குளிர்கால ஒலிம்பிக் நெருங்கும்போதெல்லாம் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நண்பர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் ஒரு கேள்வி தவறாமல் தலைகாட்டுகிறது. பனியே விழாத நாட்டிலிருந்து பனிச்சறுக்கு வீரர் ஒருவரை அனுப்பிக் கடைசி இடம் வாங்கிவர எதற்கு வீண் செலவு என்பதே அது. கேட்பவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். கல்யாண வீடுகளில் வாதாடிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

பனியே விழாத நாடு என்பதே முதலில் தவறு. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ரோட்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே டிஃபின்டெல் என்ற பனிச்சறுக்குச் சரிவு இருக்கிறது. எல்லை தாண்டினால் லெசோத்தோவில் ஆஃப்ரிஸ்கி என்ற இன்னொரு சரிவு இருக்கிறது. ஜூலை மாதத்தில் அங்கே போனவர்களுக்குத் தெரியும்: புல் காய்ந்து பழுப்பேறிய மலைச்சரிவில், இயந்திரம் தூவிய பனி வேட்டியை உலர்த்தியதுபோல் ஒரே நீளத்துக்குக் கிடக்கும், இரண்டு கரையிலும் வெறும் மண்ணும் கல்லும். ஆல்ப்ஸில் வளர்ந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனாலும் டிஃபின்டெல் சரிவில் பயின்ற சிவே ஸ்பீல்மன் என்ற கறுப்பின இளைஞர், தமது 18ஆம் வயதில், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லாலம் என்ற, கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் போட்டிக்குத் தகுதி பெற்றார். நம் நாட்டு ஒலிம்பிக் குழுவோ, பங்கேற்பின் தரம் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற தன் கொள்கையைக் காட்டி அவரை அனுப்ப மறுத்துவிட்டது. அந்த ஆண்டு சோச்சியில் தென்னாப்பிரிக்கக் கொடியே இல்லை.

அந்த முடிவு, இந்த விளையாட்டில் ஒருவருடைய வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதை அறியாதவர்கள் எடுத்த முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். பனிச்சறுக்குப் பந்தய வீரர் பதக்கத்தால் முன்னேறுவதில்லை, புள்ளிகளால் முன்னேறுகிறார். முதலாவதாக வந்தவரைவிட எவ்வளவு நேரம் பிந்தினார், அந்தப் பந்தயத்தில் இறங்கியவர்கள் எத்தகையவர்கள் என்ற இரண்டையும் வைத்துச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் புள்ளி போடுகிறது. இந்தப் புள்ளி குறையக் குறைய நல்லது. உலகின் முதல்நிலை வீரர்கள் பூஜ்யத்தை ஒட்டியே இருப்பார்கள். சிறிய நாடுகளுக்கென ஒதுக்கிய இடத்தைப் பெற, ஐந்து பந்தயங்களின் சராசரி 140 புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பதே அன்றைய விதி. வருடத்தில் சில வாரங்களே பனி தங்கும் நாட்டில் பிறந்தவர் அந்த எண்ணை எட்டுவது விளையாட்டுக் காரியமல்ல.

புள்ளி அதிகமாக உள்ளவருக்குப் புறப்படும் வரிசையும் பின்னால்தான் கிடைக்கும். ஸ்லாலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட கம்பங்களை வளைந்து வளைந்து கடக்க வேண்டும். முதலில் இறங்குபவர்களுக்குக் கண்ணாடிபோல் இறுகிய தளம் வாய்க்கிறது. அவர்களுடைய சறுக்குப் பலகைகளின் கூர்மையான எஃகு விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே இடத்தை அறுத்து அறுத்துப் பள்ளம் தோண்டிவிடுகிறது. எண்பதாவது ஆளாக இறங்குபவர், தொலைக்காட்சியில் நாம் பார்த்த பாதையில் இறங்குவதில்லை. முழங்கால் வரை அதிரும் குழிகளின் வரிசையில் இறங்குகிறார். அவர் சில நொடிகள் பிந்தினால் நாம் கேலி செய்கிறோம்!

2010 வான்கூவரில் கானா நாட்டின் குவாமே நக்ருமா-அச்சம்பொங் ஸ்லாலம் ஓடினார். இங்கிலாந்தில் கூரைக்குக் கீழே அமைந்த செயற்கைச் சரிவில் சறுக்கப் பழகியவர் அவர். புறப்பட்டவர்கள் 102 பேர், இரண்டு சுற்றையும் முடித்தவர்கள் 48 பேர், அவர் வந்தது 47ஆவது இடம். கடைசிக்கு முந்தைய இடம் என்று சிரிக்கலாம்; பாதிக்கு மேற்பட்டோர் முடிக்காத பந்தயத்தை முடித்தவர் என்றும் சொல்லலாம். அதுவரை 73 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்றிருந்த அமெரிக்க வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின், 2022 பெய்ஜிங்கில் ஸ்லாலம், கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தொடக்கத்து ஒருசில கம்பங்களிலேயே தடம் தவறி வெளியேறினார். அவரால் அமெரிக்காவின் தரம் தாழ்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் அவர் நூறாவது வெற்றியையும் பெற்றார்.

செலவைப் பற்றிய வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பயிற்சிக்கு ஐரோப்பா போக வேண்டும், பலகை, காலணி, பயிற்சியாளர், முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சை எல்லாமே பணம். அதனால்தான் வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே இதில் நிலைக்கிறார்கள். 2018 பியோங்சாங்கில் நம் நாட்டின் ஒரே வீரராகப் போட்டியிட்ட கானர் வில்சன் அமெரிக்காவில் படித்துக்கொண்டே பயின்றவர். அவரைக் குறை சொல்லவில்லை. கிராமத்துப் பையனுக்கு மறுத்த வாய்ப்பை நாலு வருடம் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்தபோது, இடைப்பட்ட காலத்தில் எது மாறியது என்பதை மக்களுக்குத் தெளிவாக விளக்கியிருக்க வேண்டும் என்கிறேன்.

நம் பெரியவர்கள் நிறத்தின் பேரால் மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். டர்பனின் இந்திய வம்சாவளிக் கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் 1963இல் நேட்டால் ஓபன் கோல்ஃப் பட்டத்தை வென்றும் உள்ளே அழைக்கப்படாமல் மழையில் நின்று கோப்பை வாங்கிய கதையை நமக்குச் சொல்லித்தானே வளர்த்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அன்று நிறம் பார்த்துத் தடுத்தார்கள், 2014இல் தரத்தைக் காட்டித் தடுத்தார்கள். ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், தகுதி பெற்ற ஒருவனை அனுப்பாததற்குக் கைதட்டுவது எனக்குப் பொருந்தவில்லை. சர்வதேச விதியைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டுமென்றால், அதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணாக எழுதி அறிவிக்கட்டும். விமானச் சீட்டு வாங்கும் மாதத்தில் கொள்கை பேச வேண்டாம்.