மறதி மட்டுமே காரணமன்று
மனநல வெளிநோயாளிகள் மாத்திரையைக் கைவிடுவதற்கு மறதியே முதன்மைக் காரணம் என்றும், கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தால் போதும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் என் தம்பி ஓலான்சபின் மாத்திரையை மறந்தவனல்லன். அதைச் சாப்பிட்டால் அடங்காத பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்பதனால் தெரிந்தே தவிர்த்தான். கால்சட்டைகள் ஒவ்வொன்றாக இடுப்பில் ஏறாமல் போனதை அவனே மருத்துவரிடம் சொன்னபோது, அவர் கடிந்துகொள்ளாமல் முழுவதும் கேட்டு, படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றினார். இப்போது யாரும் நினைவூட்டாமலே எடுத்துக்கொள்கிறான். மனச்சோர்வுக்கான மருந்துகளிலும் இதே நிலைதான்: குமட்டல் முதலிய தொல்லைகள் முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகின்றன, பலனோ தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகின்றன, இதை முன்கூட்டியே விளக்காமல் மருந்துச்சீட்டை மட்டும் நீட்டினால், பாதியில் நிறுத்துபவரை எப்படிக் குறை சொல்வது? மனச்சிதைவு நோய்க்கான மற்றொரு மருந்தான குளோசபின் எடுப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் வீட்டார் அறிந்திருப்பது அவசியம். மாத்திரையை நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்துவிடலாம் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கூறியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், தெரிய வந்தால் மருந்தின் மீது மட்டுமல்ல, வீட்டில் பரிமாறும் சோற்றின் மீதும் நோயாளிக்குச் சந்தேகம் வந்துவிடும். தினசரி மாத்திரையை விரும்பாத மனச்சிதைவு நோயாளிகளுக்கு மாதம் ஒருமுறை போடும், நீண்ட நாள் செயல்படும் ஊசிகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நோயாளியிடமே வெளிப்படையாகப் பேசி, அவர் சம்மதத்துடன் முடிவெடுக்கலாம்.