கிணற்றுக்குள் ஊற்றிய சிமெண்ட்

தோஹாவில் வேலை பார்த்தபோது எங்கள் ஆபீசில் வயதான மந்தூப், அதாவது அரசு அலுவலக வேலைகளை முடித்துக் கொடுப்பவர், ஒருவர் இருந்தார். கத்தார்க்காரர். விசா, ஐடி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் அலைவார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது நம்மாள் ஒருவர் வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டார்: "இவங்களுக்கு என்ன சார், மண்ணைத் தோண்டினா காசு. உட்கார்ந்த இடத்துல சாப்பாடு." தமிழில் சொன்னதுதான். ஆனால் முப்பது வருஷம் நம் ஆட்களோடு பழகியவருக்குப் புரியாமலா போகும்? சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "எண்ணெய் கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் பட்டினி கிடந்தார்கள். அம்மா சின்னப் பிள்ளையாகப் படகேறி பஹ்ரைன் போனதும் அப்போதுதான்."

எண்ணெய் கிடைத்த பிறகு பட்டினியா? அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய வளைகுடா ஃபைல்களை கத்தார் மின்னூலகத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். ஒன்றைத் திறந்தால் விடிந்துவிடும், ஜாக்கிரதை.

1935 மே மாதம் கத்தார் ஷேக் அப்துல்லா, ஆங்கிலோ-பெர்ஷியன் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனிக்கு 75 வருஷத்துக்கு எண்ணெய் உரிமையை எழுதிக் கொடுத்தார். கையெழுத்துக்கு 4 லட்சம் ரூபாய், எண்ணெய் வந்தால் டன்னுக்கு 3 ரூபாய். ஆமாம், நம்ம ரூபாய். அன்றைக்கு வளைகுடாவில் புழங்கிய காசு அதுதான். அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளும் டெல்லிக்குத்தான் பதில் சொன்னார்கள்.

வேறு கம்பெனியிடம் பேரம் பேசலாமே என்றால், முடியாது. பிரிட்டிஷ் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எந்த உரிமையும் தருவதில்லை என்று 1916 ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். தரைவழியாக யாராவது படையெடுத்து வந்தால் காப்பாற்றுகிறோம் என்ற வாக்குறுதியைக்கூட, எண்ணெய் உரிமையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்தால்தான் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம். எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்வார்கள்.

சரி, 1939 கடைசியில் கத்தாரின் துகானில் எண்ணெய் தென்பட்டது. அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. மூன்று கிணறுகள் ஆகியிருந்தன. 1942இல் ஜெர்மன் படை காக்கசஸ் பக்கம் இறங்கியதும், எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று மூன்றிலும் சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட்டுக் கம்பெனி கிளம்பிவிட்டது. போர் நோக்கில் பார்த்தால் அது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். ஆனால் அந்த மண்ணில் பிறந்தவனுக்கு அந்த முடிவில் என்ன பங்கு? நான் கேட்பது அவ்வளவுதான்.

அது எந்த நேரம் என்றும் பார்க்க வேண்டும். முத்துக்குளித்தல்தான் அந்தக் கரைக்கே சோறு போட்ட தொழில். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929 பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அதை முடித்துவிட்டன. சாப்பிடும் அரிசி கப்பலில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வர வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்தது. வங்காளத்தில் வந்த பஞ்சம் நமக்கே தெரியும். முத்தும் போச்சு, அரிசியும் போச்சு, மிச்சமிருந்த ஒரே நம்பிக்கையின் வாயிலும் சிமெண்ட். பஹ்ரைனுக்கும் சவூதியின் கிழக்குக் கரைக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

ஏன் பஹ்ரைன்? அங்கே 1932லேயே எண்ணெய் வந்து, 1936இல் சுத்திகரிப்பு ஆலையும் ஓட ஆரம்பித்துவிட்டது. தோண்டியது அமெரிக்கக் கம்பெனி. பிரிட்டிஷ் கம்பெனியாக இருக்க வேண்டும் என்ற விதியைச் சமாளிக்க, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருந்த கனடாவில் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். சட்டத்தில் ஓட்டை எங்கேதான் இல்லை! போர் நடக்கும்போதும் அந்த ஆலை ஓடியது, நேச நாடுகளுக்கு அந்த எண்ணெய் தேவைப்பட்டதால். 1940 அக்டோபரில் இத்தாலி விமானங்கள் ரோட்ஸ் தீவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து குண்டு போட்டுவிட்டு எரித்திரியாவில் போய் இறங்கின. ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வந்த ஒரு விமானம் பிரிந்து போய் சவூதியின் தஹ்ரானில் போட்டது, ஈரான் தலைநகரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக, வெள்ளைக்காரனுக்கு உடனே தேவைப்பட்டது பஹ்ரைன் எண்ணெய், அது ஓடியது. கத்தார், குவைத் எண்ணெய் தேவைப்படவில்லை, அடைத்தார்கள். குவைத்தின் புர்கான் 1938இல் கண்டுபிடித்த பிரம்மாண்டமான வயல். அதற்கும் 1942இல் அதே கதிதான்.

ஷேக்குகள் எல்லாம் பாவம், அப்பாவிகள் என்று எழுத வரவில்லை. ஒப்பந்தப் பணம் போனது அரசாங்கக் கஜானாவுக்கு அல்ல, ஆட்சியாளர் கைக்கு. 1938இல் குவைத் வணிகக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சட்டசபை அமைத்தன. எண்ணெய்க் கம்பெனி தரும் செக்கைச் சபையிடம் ஒப்படையுங்கள் என்று ஷேக் அகமதுவிடம் கேட்டார்கள். டிசம்பரில் அவர் சபையையே கலைத்துவிட்டார். அதே வருஷம் துபாயிலும் அதுபோல ஒரு மஜ்லிஸ் (சபை) எழுந்து, சில மாதத்தில் அடங்கியது. எண்ணெய்க் காசு யாருக்கு என்று அந்த ஊர்க்காரர்களே அப்போதே கேட்டிருக்கிறார்கள். மண்ணைத் தோண்டினா காசு என்று பேசுகிற நமக்கு இதெல்லாம் காதில் விழுவதே இல்லை.

குவைத்தில் முதல் கப்பல் கிளம்பியது 1946 ஜூன் 30. ஷேக் அகமது வெள்ளிச் சக்கரம் ஒன்றைத் திருப்பித் தொடங்கிவைத்தார். கத்தாரில் 1949 டிசம்பர் 31, உம் சயீத் துறையிலிருந்து. துகானில் எண்ணெய் தென்பட்டுப் பத்து வருஷம் கழித்து. மந்தூப்பின் அம்மா அதற்குள் பஹ்ரைனிலேயே கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றுவிட்டாராம்.