ஸ்பேர் சாவி வீட்ல இருக்கு

(இடம்: ஆரியங்காவு. செங்கோட்டையில் இருந்து புலியரை தாண்டி மலை ஏறினால் வருகிற கேரளத்து ஊர். ஆவணி மாதம், விட்டு விட்டுச் சாரல். ரோட்டோரப் பலாமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணாச்சி ஒருவர். பார்வை காரின் மேல் இல்லை, மரத்தின் மேல். தென்காசியில் இருந்து ஸ்கூட்டரில் பெட்டியும் மெஷினுமாக வந்து இறங்குகிறார் சாவிக்காரத் தம்பி.)

தம்பி: கார் சாவி தொலைஞ்சுட்டுன்னு போன் பண்ணது நீங்கதான அண்ணாச்சி?

அண்ணாச்சி: தொலையல தம்பி. எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

தம்பி: எங்க?

அண்ணாச்சி: அந்தா, மூணாவது கொப்புல வாலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்காம்லா, அவன் கையில.

தம்பி: குரங்கா!

அண்ணாச்சி: மெதுவாப் பேசு. நேந்திரம் சிப்ஸ் கால் கிலோ வாங்குனேன். சாரல் அடிக்கே, சாவி நனைஞ்சிரக் கூடாதேன்னு அந்தக் கவருக்குள்ளயே போட்டேன். வேட்டி அவுந்த மாதிரி இருந்துச்சு. கவரை பானட்டு மேல வச்சுட்டு ரெண்டு கையால மடிச்சுக் கட்டுனேன். கட்டி முடிச்சுப் பாக்கேன், வேட்டி இருக்கு, கவரைக் காணும்.

தம்பி: ரிமோட் சாவியக் கொண்டு எண்ணெய்ச் சிப்ஸுக்குள்ள போடுவாங்களா அண்ணாச்சி?

அண்ணாச்சி: நீ சாவி போட வந்தியா, புத்தி சொல்ல வந்தியா?

தம்பி: சரி, விடுங்க. ஸ்பேர் சாவி இருக்கா?

அண்ணாச்சி: இருக்கு.

தம்பி: எங்க?

அண்ணாச்சி: செங்கோட்டையில. வீட்ல. பீரோவுல.

(திறந்த பெட்டியைத் தம்பி மூடுகிறார்.)

தம்பி: அண்ணாச்சி, என் பொழப்புக்கு விரோதமாப் பேசுதேன்னு நெனைக்காதீங்க. வீட்ல சொன்னா பஸ்ஸுல ஒரு மணி நேரத்துல ஸ்பேர் சாவி வந்து சேர்ந்துரும். பஸ் டிக்கெட்டு காசோட போச்சு. கையில ஒரு சாவியும் இல்லாம நான் புதுசாப் பண்ணேன்னா ஆறாயிரத்து ஐநூறு.

அண்ணாச்சி: பண்ணு.

தம்பி: ஆறாயிரத்து ஐநூறு அண்ணாச்சி.

அண்ணாச்சி: காது கேக்கு. பண்ணு. அந்த பஸ்ஸுல சாவி மட்டும் வராது தம்பி. கூட உங்க மைனியும் வருவா.

தம்பி: வந்தா என்ன? ஐயன் கோயிலுக்கு வந்தேன்னு சொல்லுங்க. இங்க சாஸ்தா மாப்பிள்ளைக் கோலம்லா. மைனி சந்தோஷந்தான் படுவாங்க.

அண்ணாச்சி: காலையில பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுல்லா வந்திருக்கேன். முருகனைப் பாக்கப் போனவன் ஐயப்பன் ஊர்ல நின்னா, அவா என்ன கேப்பா?

தம்பி: என்ன கேப்பாங்க?

அண்ணாச்சி: "எத்தனை டிக்கெட்டு வாங்குனீரு"ன்னு கேப்பா.

(தம்பி எதிர்ச் சாரியில் உள்ள லாட்டரிக் கடையைப் பார்க்கிறார். திரும்பி அண்ணாச்சியைப் பார்க்கிறார். அண்ணாச்சி மரத்தைப் பார்க்கிறார்.)

தம்பி: ஓணம் பம்பரா?

அண்ணாச்சி: இருபத்தஞ்சு கோடி தம்பி! ஒரு டிக்கெட்டு ஐநூறு ரூவா. 2023-ல வாளையார்ல வாங்குன டிக்கெட்டுக்குத்தான அடிச்சுது? வாங்குனது நாலு பேரு, திருப்பூர்ப் பக்கத்து ஆளுக. எல்லை தாண்டுனவனுக்கு அடிக்கும்னு அன்னைக்கே மனசுல ஊனிட்டு.

தம்பி: நம்ம ஊர்லதான் 2003-லயே லாட்டரிய நிப்பாட்டிட்டாங்களே.

அண்ணாச்சி: அதைச் சொல்லு. செங்கோட்டை என்ன, ஆதியில இருந்தே தமிழ்நாடா? திருவிதாங்கூர்ல கெடந்த ஊரு. 1956 நவம்பர் 1-ந்தேதிதான் இங்கிட்டு வந்துச்சு. ஊரே கூடி வெடி போட்டாங்களாம். எங்க தாத்தா லட்டு குடுத்தாராம். அன்னைக்கு மட்டும் எல்லைக் கோட்டைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போட்டிருந்தா, நான் வாசல்ல நின்னே டிக்கெட்டு வாங்கிருப்பேன். காரு எதுக்கு, சாவி எதுக்கு, குரங்கு எதுக்கு?

(மொழிவாரி மாநிலப் பிரிவினைக்கு இப்படியும் ஒரு குறை இருக்கும் என்று இதை எழுதுகிறவனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.)

தம்பி: சரி, ஆரம்பிப்போம். மொதல்ல கதவைத் திறக்கணும். லிஷின்னு ஒரு சாமான் இருக்கு. பூட்டுக்குள்ள விட்டா கதவும் திறக்கும், சாவியில எந்தப் பல்லு எவ்வளவு ஆழம்னு கணக்கும் சொல்லிரும். அதை வச்சு பல்லு வெட்டாத பிளாங்க் சாவியில வெட்டிக்கிடலாம். ஆனா கதவு திறக்கவும் அலாரம் அடிக்கும், பாத்துக்கிடுங்க.

அண்ணாச்சி: அலாரமா? வேண்டாம், வேண்டாம். அவன் மிரண்டு காட்டுக்குள்ள ஓடிருவான்.

தம்பி: ஓடுனா ஓடட்டுமே. நாமதான் புதுச் சாவி போடுதோமே?

அண்ணாச்சி: (தடுமாறி) இல்ல... பாவம், வாயில்லாச் சீவன். ஆமா, சாவி வெட்டுததுக்கா ஆறாயிரத்து ஐநூறு? எங்க வீட்டுப் பூட்டுக்கு சந்தையில அம்பது ரூவாய்க்குப் போட்டுக் குடுத்தான்.

தம்பி: வெட்டுத கூலி இதுல கொஞ்சந்தான். சாவித் தலைக்குள்ள ஒரு சிப்பு இருக்கும். அதுக்குன்னு பேட்டரி கிடையாது. ரிமோட்டுக்குள்ள வட்டமா இருக்க பேட்டரி கதவு திறக்கதுக்கு மட்டுந்தான். சாவிய சொருகி திருப்புனீங்கன்னா, அந்தத் துவாரத்தைச் சுத்தி இருக்க கம்பிச் சுருளு சிப்புக்குக் கரண்ட் குடுத்து "நீ யாரு"ன்னு கேக்கும். சிப்பு சொல்லுத பதில் சரியா இருந்தாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆவும்.

அண்ணாச்சி: தப்பாச் சொன்னா?

தம்பி: ஓடாது. ஸ்டார்ட் ஆன மாதிரி இருந்தாலும் ஒடனே நின்னுரும்.

அண்ணாச்சி: எங்க வீட்லயும் இதே ஏற்பாடுதான். அவா காசு குடுத்தாத்தான் நான் வாயத் திறப்பேன். தப்பாச் சொன்னா வண்டி நின்னுரும்.

தம்பி: ஸ்டியரிங்குக்குக் கீழ பதினாறு பின்னு வச்ச ஒரு சாக்கெட் இருக்கும். அதுல மெஷினைக் கோத்து, "இனிமே இவன்தான் உன் ஆளு"ன்னு வண்டிக்குப் புதுச் சிப்பை அறிமுகம் பண்ணணும். அதுக்குத்தான் துட்டு. முன்னாடி பழகுன சாவி எல்லாத்தையும் அப்ப அழிச்சிரும். குரங்கு கையில இருக்க சாவியால வண்டிய எடுக்க முடியாது.

அண்ணாச்சி: நல்லதாப் போச்சு. இல்லன்னா ஓட்டிட்டுல்லா போயிருவான்.

தம்பி: வீட்ல இருக்க ஸ்பேரும் எடுக்காது.

(அண்ணாச்சி முதல் தடவையாக மரத்தில் இருந்து கண்ணை எடுக்கிறார்.)

அண்ணாச்சி: என்ன சொன்ன?

தம்பி: உங்க வண்டியில அப்படித்தான் அண்ணாச்சி. எல்லாத்தையும் அழிச்சுட்டு, கையில இருக்க சாவிய மட்டுந்தான் ஏத்தும். ஸ்பேரும் இங்க இருந்தா கூடவே ஏத்திரலாம். இல்லன்னா கதவு திறக்கும், வண்டி எடுக்காது.

அண்ணாச்சி: அவா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தச் சாவியிலதான டே குற்றாலத்துக்கு எடுத்துட்டுப் போவா! வண்டி எடுக்கலன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுவா. அவன் "யாரோ புதுச் சாவி போட்டிருக்காங்க"ம்பான்.

தம்பி: அப்ப ஸ்பேரை ஒரு நாள் என்ட்ட கொண்டு வாங்க, ஏத்தித் தாரேன். அதுக்கு முன்ன ஆர்சி புக்கைக் காமிங்க.

அண்ணாச்சி: எதுக்கு?

தம்பி: வண்டி உங்களுதுதான்னு தெரியணும்லா?

அண்ணாச்சி: கம்பியை விட்டு அடுத்தவன் காரைத் திறக்குதவன் நீ. திருடன்னு சந்தேகம் எனக்கு வரதா, உனக்கு வரதா?

தம்பி: அதனாலதான் கேக்கேன். நாளைக்கு போலீஸு மொதல்ல என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஆர்சி, ஒரு அடையாள அட்டை, ரெண்டும் இல்லாம நான் கம்பிய எடுக்க மாட்டேன். இன்னொன்னும் சொல்லுதேன், சாவி போனதுக்கு ஸ்டேஷன்ல ஒரு புகார் எழுதிக் குடுத்திருங்க. வண்டி களவு போச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் ரெண்டு சாவியும் எங்கம்பான்.

அண்ணாச்சி: புகார்ல பிரதிவாதி பேரு என்னன்னு எழுத? ஆஞ்சநேயர்னா?

தம்பி: ஆர்சிய எடுங்க அண்ணாச்சி.

அண்ணாச்சி: வண்டிக்குள்ள இருக்கு.

தம்பி: போன்ல டிஜிலாக்கர்ல இருக்குமே?

அண்ணாச்சி: இருக்கு. அவா போன்ல.

தம்பி: அவங்க போன்லயா? வண்டி யாரு பேர்ல?

(நீண்ட மௌனம். மேலே சிப்ஸ் கடிக்கிற சத்தம் மட்டும்.)

அண்ணாச்சி: மாமனார் வாங்கிக் குடுத்த வண்டி தம்பி.

தம்பி: அப்ப மைனிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் தொட முடியாது. வீடு செங்கோட்டையில எங்க?

அண்ணாச்சி: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, வேப்பமரம் வச்ச சந்து, கடைசி வீடு.

தம்பி: திண்ணை வச்ச வீடா? நடுக்கூடத்துல பச்சைப் பீரோ?

அண்ணாச்சி: ஆமா... பீரோ பச்சைன்னு உனக்கு எப்படி டே தெரியும்?

(தம்பி நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.)

தம்பி: ஒண்ணுமில்ல.

அண்ணாச்சி: சொல்லு.

தம்பி: போன மாசம் உள்லாக்கரைத் திறந்து குடுன்னு கூப்பிட்டாங்க.

அண்ணாச்சி: உள்லாக்கர் சாவி என் அரைஞாண் கயித்துலல்லா கெடக்கு! ராத்திரி பகல் நான் கழட்டுனதே கிடையாதே!

தம்பி: அதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டாங்க.

அண்ணாச்சி: ஆர்சி கேட்டியே, அங்க என்னத்தைக் கேட்ட?

தம்பி: பில்லு கேட்டேன். அவங்க கல்யாணச் சீரா வந்த பீரோவாம். அவங்க அப்பா பேர்ல இருந்த பழைய பில்லை பத்திரமா எடுத்துக் காமிச்சாங்க.

அண்ணாச்சி: உள்ள... என்ன இருந்துச்சு?

தம்பி: கட்டுக் கட்டா டிக்கெட்டு. ரப்பர் பேண்ட் போட்டு, வருசவாரியா. ஓணம் தனி, விஷு தனி, கிறிஸ்மஸ் தனி. மைனி ஒரு கட்டை எடுத்து எண்ணுனாங்க. பாதியில நிறுத்திட்டு எனக்கு மோர் குடுத்தாங்க. திரும்பப் பூட்டிரு, யார்ட்டயும் சொல்லாதன்னாங்க. நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

அண்ணாச்சி: ரொம்பக் கட்டுப்பாடான ஆளு நீ.

(தம்பி போனை எடுக்கிறார். அண்ணாச்சி தடுக்கக் கையைத் தூக்கி, வேட்டி அவிழ, வேட்டியைப் பிடித்துக்கொள்கிறார்.)

தம்பி: மைனி, வணக்கம், சாவிக்காரன் பேசுதேன்... ஆமா, பச்சைப் பீரோ... இல்ல, இப்ப கார்ச் சாவி... ஆமா, அண்ணாச்சிதான்... எங்கன்னா... (அண்ணாச்சி கும்பிடுகிறார்.) மலைப்பக்கம் மைனி... பண்பொழியா? இது அதைவிடக் கொஞ்சம் பெரிய மலை... ஆமா மைனி, ஆரியங்காவுதான்... சரி... சரி மைனி... நெறைய இல்ல, ஒரு கவர்தான்... சொல்லுதேன்.

அண்ணாச்சி: என்ன சொன்னா?

தம்பி: நான் வண்டியத் தொடக் கூடாதாம். அடுத்த பஸ்ஸுல ஸ்பேரோட அவங்களே வாராங்க. நீங்க மழையில நனையாம மரத்தடியில நிக்கணுமாம். எனக்கு வந்து போன கூலி மட்டும் அறுநூறு.

அண்ணாச்சி: வையலையா?

தம்பி: வையல.

அண்ணாச்சி: வையலன்னா ரொம்ப மோசம் டே.

(அறுநூறை எண்ணிக் கொடுக்கிறார். கண் மறுபடி மூணாவது கொப்புக்குப் போகிறது.)

தம்பி: அதான் ஸ்பேர் வருதே அண்ணாச்சி, இன்னும் எதுக்கு அந்தக் குரங்கையே பாத்துட்டு நிக்கீங்க?

அண்ணாச்சி: டிக்கெட்டும் நனைஞ்சிரக் கூடாதேன்னு...

தம்பி: அந்தக் கவருக்குள்ளயா!

அண்ணாச்சி: ரெண்டு டிக்கெட்டு. நம்பரை மனப்பாடமே பண்ணிட்டேன்.

தம்பி: மனப்பாடத்துக்கு யாரு பணம் குடுப்பா? குலுக்கல் முடிஞ்சு முப்பது நாளைக்குள்ள ஒரிஜினல் டிக்கெட்டைக் கொண்டு நீட்டணும்லா.

அண்ணாச்சி: தெரியும். உன் வண்டியில ஏணி இருக்கா?

தம்பி: இருக்கு.

அண்ணாச்சி: எடு.

தம்பி: அதுக்குத் தனி சார்ஜ் அண்ணாச்சி. மரம் யாரு பேர்ல இருக்கு?